ஐந்து கால் மருமகள்

அந்தக் கொசுவுக்கு ஐந்து கால்கள்தான் இருந்தன. அதனால்தான் அது என்னிடம் வந்தது.

ஆறு கால் இருந்திருந்தால் கணினியே பார்த்து முடிவு சொல்லியிருக்கும். கணினியால் சொல்ல முடியாதவை மட்டும் எங்களிடம் வரும். மாநிலம் முழுவதற்கும் நாற்பது பேர் இருக்கிறோம். அவரவர் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம். ஒரு வீட்டு எண், ஒரு கொசு. எந்த ஊர், யார் வீடு என்று தெரியாது. கீழே நான்கு பொத்தான்கள்: க்யூலெக்ஸ், ஏடிஸ், அனாபிலிஸ், போலி.

சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வீட்டுக்குள் பிடித்த ஒரு கொசுவைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு படம். பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டு அட்டையின் நிறம் மாறும். சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ் என்றால் பச்சை. நல்ல தண்ணீரில் வளர்ந்து, பகலில் கடித்து, டெங்கு பரப்பும் ஏடிஸ் என்றால் சிவப்பு. மலேரியாக் கொசு அனாபிலிஸுக்கு மஞ்சள். அது எங்கள் பக்கம் குறைவு. ஆரம்பத்தில் எல்லோரும் எங்கள் வீட்டில் கொசுவே இல்லை என்று எழுதினார்கள். மூன்று வாரம் தொடர்ந்து கொசு இல்லாவிட்டால் சிவப்பு என்று விதி வந்தது. அதன்பின் மக்கள் டம்ளரும் கையுமாகக் கொசுவைத் துரத்தினார்கள்.

படத்தைப் பெரிதாக்கினேன். பழுப்பு உடல். காலில் வளையம் இல்லை. க்யூலெக்ஸ்தான், பெண். ஆனால் ரொம்பவும் உலர்ந்திருந்தது. வலது இறக்கையின் நுனியில் சிறிய கிழிசல். அடித்த கொசு நசுங்கியிருக்கும். இது நசுங்கவில்லை. நெடுநாள் வைத்திருந்ததால் ஒடிந்த கால்.

வழக்கமாக எங்களுக்குக் கொசு மட்டும்தான் தெரியும். சுற்றியிருப்பதைக் கணினி மறைத்துவிடும். பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. சந்தேகம் வந்தால் மட்டும் முழுப் படத்தைத் திறக்கலாம். திறந்தேன்.

கொசு ஓர் எவர்சில்வர் மூடியின் நடுவில் ஒட்டியிருந்தது. மூடியின் ஓரத்தில் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்துகள். தலைகீழாக இருந்தன. படத்தைத் திருப்பினேன்.

மு. செண்பகவல்லி.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். மேல்தட்டில் தூக்குவாளி இருந்தது. அதன்மேல் ஒரு தட்டு கவிழ்ந்திருந்தது. பதினான்கு மாதமாக அதை அப்படித்தான் மூடுகிறேன். வாளியின் வயிற்றில் அதே புள்ளி எழுத்து. அதே பெயர். பெயர் முடிந்த இடத்தில் அதே சின்ன இலை.

என் மனைவி வல்லியின் அப்பா முத்தையா கல்யாணத்துக்குக் கொடுத்த பாத்திரம். அவள் இறந்த பதினாறாம் நாள் வந்த கூட்டத்தில் மூடி யார் வீட்டுக்கோ போய்விட்டது என்று நினைத்திருந்தேன். பெயர் கொத்துவதே அதற்குத்தானே. விசேஷ வீட்டில் பாத்திரம் கலந்து போனாலும் பெயரைப் பார்த்து ஒருநாள் கொண்டுவந்து தருவார்கள். நான் காத்திருந்தேன். பிறகு தட்டே பழகிவிட்டது.

வல்லிக்கு என் வேலை வேடிக்கையாக இருக்கும். நான் படம் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பாள். கண்ணில் நீர் வழிய எட்டித் திரையைப் பார்ப்பாள்.

“இது எது?”

“ஏடிஸ். கறுப்பு உடம்பு. கால்ல வெள்ளை வளையம் தெரியுதா? முதுகுல யாழ் மாதிரி கோடு.”

“யாழ நான் எங்க பாத்தேன். கால்ல வெள்ளிக் கொலுசு, ஜாக்கெட்டு முதுகுல டிசைன்னு சொல்லுங்க. கல்யாண வீட்டுக்குக் கெளம்பினவ மாதிரில்ல இருக்கா.”

“இது க்யூலெக்ஸ்.”

“இவ மில்லுக்குப் போறவ. பாவம், பவுடர் பூசக்கூட நேரமில்ல.”

அதன்பின் எங்கள் வீட்டில் கொசுக்களுக்கு அந்த இரண்டு பெயர்கள்தான்.

ஒருநாள் கேட்டாள்.

“பேட்டுல அடிச்சு அனுப்புறாகளே, அதையெல்லாம் ஏன் தள்ளுறீக?”

“கருகினா செதில் போயிரும். அந்த வெள்ளை வளையமே செதில்தான். கருகிட்டா கல்யாண வீட்டுக்காரியும் மில்லுக்காரி மாதிரிதான் தெரிவா.”

“அப்ப, செதில் போகாமக் கொல்லணும்னா?”

“ஃப்ரீசர்ல வைக்கணும். அப்புறம் ஈரம் படாம, பக்கத்துல ஒரு அந்துருண்டையப் போட்டு வச்சா வருஷக்கணக்கா இருக்கும். எங்க காலேஜ் மியூசியத்துல நாப்பது வருஷத்துக் கொசு இருக்கு.”

“நாப்பது வருஷமா? நம்ம மிக்ஸி ரெண்டு வருஷம் வரல.”

சிரித்தேன். ஏன் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. படித்ததைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

மேசைக்குத் திரும்பினேன். படத்தில் பெயரைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, இதுபோல் வேறு உண்டா என்று தேடச் சொன்னேன். எழுநூற்று அறுபத்தெட்டு படங்கள் வந்தன. பதினொரு வீடுகள். இரண்டு வருஷம். எல்லாவற்றிலும் அதே மூடி, அதே கொசு, வலது இறக்கையில் அதே கிழிசல். ஒரே படத்தை இரண்டு முறை அனுப்பினால் கணினி பிடித்துவிடும். ஒரே கொசுவை வேறு வேறு வீட்டில், வேறு வேறு வெளிச்சத்தில் எடுத்தால் பிடிக்காது. ஓர் இனத்துக் கொசு எல்லாம் ஒன்றுதான் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

முதல் படம் இரண்டு வருஷத்துக்கு முந்தைய தை மாதம். வீட்டு எண்ணைப் பார்த்தேன். என் வீடு.

மூடி புதிதாகத் துலக்கியதுபோல் இருந்தது. அதில் வல்லியின் முகம் தெரிந்தது. மேலிருந்து குனிந்து படமெடுக்கும் முகம். மூக்கு பெரிதாகி, காது சிறுத்து, நெற்றி வளைந்து. பல் தெரியச் சிரித்தாள்.

அவளுக்குப் படம் எடுத்துக்கொள்ளப் பிடிக்காது. பல் எத்தியிருக்கிறது என்பாள். நாங்கள் சேர்ந்து எடுத்த படம் கல்யாண ஆல்பத்தோடு சரி. அதிலும் எல்லாப் பக்கத்திலும் வாயை இறுக்கி மூடியிருப்பாள்.

இங்கே அவளுடைய நாற்பத்து மூன்று சனிக்கிழமைகள் இருந்தன. ஒன்றில் மூடியைப் பிடித்த விரல்களில் மருதாணி. அடுத்த வாரம் நகத்தடியில் வெள்ளைப் பிறை. அதற்கடுத்த வாரம் பிறை இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. மருதாணி நகத்தைவிட்டுப் போகும்வரை வரிசையாகப் பார்த்தேன். ஒரு படத்தில் பின்னால் கொடியில் என் நீலக் கைலி. ஒன்றில் என் கால். கட்டிலிலிருந்து வெளியே நீண்டிருந்தது, நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனியில் ஒரு படம் தலை துவட்டாமல் எடுத்தது. அன்று காலையில்தான் குற்றாலத்திலிருந்து வந்திருந்தோம். மூடியில் ஒரு சொட்டுத் தண்ணீர். கொசுவுக்கு ஈரம் பட்டுவிடும் என்று பதறியிருப்பாள். கண்கள் சொட்டையே பார்த்தன.

ஒரு படத்தின் கீழே, கணினிக்குச் சந்தேகம் என்று இருந்தது. சரிபார்த்து க்யூலெக்ஸ் என்று உறுதி செய்தவர்: எண் 31.

என் எண் 31.

கடைசிப் படம் கார்த்திகை. முகத்தில் சிரிப்பு இல்லை. தலையில் என் துண்டு. காய்ச்சல் வந்து மூன்றாவது நாள் அது.

திங்கட்கிழமை அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டோக்கன் கொடுக்கும் இடத்தில் வீட்டு அட்டையைக் கேட்டார்கள். சிவப்பு அட்டைக்கு உடனே ரத்தப் பரிசோதனை, படுக்கை. பச்சைக்கு மாத்திரை. பரிசோதனைப் பொருள் தட்டுப்பாடு. சிவப்புச் சீட்டு இல்லாமல் தனியார் லேபிலும் எடுக்கக் கூடாது. “பச்சைதானே சார், சாதாரணக் காய்ச்சல்தான்” என்றார் அங்கிருந்தவர். அட்டையை நீட்டியது நான். எனக்கும் நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். புதன்கிழமை மூக்கில் ரத்தம் வந்தது. வியாழக்கிழமை காலை முடிந்துவிட்டது. அவளுக்கு இருபத்தொன்பது வயது.

பச்சை வீட்டில் டெங்கு எப்படி வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வெளியே எங்காவது கடித்திருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள்.

மணி பதினொன்று. ஐந்து கால் கொசு இன்னும் காத்திருந்தது. அதன் மூடியில் தெரிந்த முகத்தை அப்போதுதான் பார்த்தேன். எங்கள் தெருவில் நாலாவது வீட்டுப் பேச்சியக்காவின் மகள் முத்துக்கனி. தலையைச் சுற்றித் துண்டு. கண் பாதி மூடியிருந்தது.

காலையில் பேச்சியக்கா இட்லி கொண்டுவந்தபோது சொல்லியிருந்தார். “கனிக்கு முந்தாநாள்லேருந்து காய்ச்சல் தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போனோம். பச்சைதானன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாக.” நான் சரி என்றேன். இட்லியை வாங்கி வைத்தேன். பதினான்கு மாதமாக எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்கிறேன். வல்லியின் போனை அவர் கேட்டபோதும் அப்படித்தான். “சனிக்கிழம போட்டாவ ஒங்க வீட்டுக்கும் நாங்களே போட்டுருதோம், நீங்க வேலையப் பாருங்க” என்றார். கொடுத்துவிட்டேன். கொசுவுக்கு எங்கே போவீர்கள் என்று கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குள் நான் பதில் போடாவிட்டால் கணினி தன் ஊகத்தையே வைத்துக்கொள்ளும். ஊகம்: க்யூலெக்ஸ். பச்சை.

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பேச்சியக்கா கடலைமிட்டாய் பொதிகிறவர். வாசலிலேயே வெல்ல வாசம் அடித்தது. சுவரோரம் மூன்று நீல டிரம்கள். எங்கள் ஊரில் ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். சிவப்பு விழுந்தால் முதலில் டிரம்மைத்தான் தூக்கிப் போவார்கள். பதினைந்து நாள் குடத்தோடு லாரிக்கு அலைய வேண்டும். அந்தப் பதினைந்து நாளும் மில் வேன் அந்த வீட்டு வாசலில் நிற்காது.

உள்ளே எதிர்வீட்டுச் சுப்புத்தாயின் குரல் கேட்டது.

“மருமக காலை ஒடிச்சது யாரு? போன வாரம் எங்க வீட்டுலேருந்து முழுசாத்தான் அனுப்புனேன்.”

“நீதான் தூசின்னு ஊதுன. அது மூச்சா, புயலா? கால் ஒண்ணோட போச்சேன்னு சந்தோசப்படு.”

“நல்லவேள, சீர் கேட்டு அழ மாட்டா. வேற மருமகளா இருந்தா இந்நேரம் எங்க அண்ணன் தம்பிய வரச் சொல்லுவா.”

நான் வாசலில் நின்றதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. இருவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதிலிருந்து அந்துருண்டை வாசம்.

“வாங்க தம்பி,” என்றார் பேச்சியக்கா. “காப்பி போடவா?”

“மூடியக் குடுங்கக்கா. பாத்துட்டுத் தாரேன்.”

சுப்புத்தாய் டப்பாவை முந்தானைக்குள் இழுத்தார். பேச்சியக்கா அவர் கையைத் தட்டிவிட்டு மூடியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

கொசு நடுவில் இருந்தது. சோற்றுக் கஞ்சியால் ஒட்டியிருந்தது. திரையில் பார்ப்பதைவிட ரொம்பச் சின்னதாக இருந்தது. எழுத்துகளின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன்.

“எப்படிக்கா?”

“ரெண்டு தடவ டிரம்மத் தூக்கிட்டாக. மூணாவது செவப்பும் விழுந்தா மில்லுல கனி பேர அடிச்சிருவாக. வாசல்ல ஒக்காந்து அழுதுக்கிட்டு இருந்தேன். வல்லி வந்துச்சு. ‘எக்கா, இவ மில்லுக்குப் போறவ, ஒங்க கனி மாதிரி. இவள அனுப்புங்க’ன்னுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. ‘எங்க வீட்டுக்காரரு சொல்லிக் குடுத்ததுதான், அவரு சொன்னா தப்பாது’ன்னு அதுவே போட்டாவும் எடுத்துக் குடுத்துச்சு.”

“அப்புறம் எனக்கு,” என்றார் சுப்புத்தாய். “மருமகன்னு பேரு வச்சது நான்தான். வீடு வீடாப் போயிக் காப்பாத்துறால்ல. எனக்குன்னு வாச்சவ ஒரு சொம்புத் தண்ணி மோந்து தர மாட்டா.”

“வல்லிக்கு வந்தது என்ன காய்ச்சல்னு தெரியும்ல ஒங்களுக்கு?”

பேச்சியக்கா தரையில் ஒட்டியிருந்த வெல்லத்தை நகத்தால் சுரண்டினார்.

“பச்சை அட்டைன்னு ரத்தம் எடுக்கல,” என்றேன்.

“தெனமும் இட்லி கொண்டாறேனே தம்பி. எதுக்குன்னு நெனச்சீக?”

நான் எதுவும் நினைக்கவில்லை. சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

“அப்பவே நிறுத்தியிருக்கலாம்லக்கா.”

“நிறுத்துனா? பதினோரு வீடும் ஒண்ணாச் செவக்கும். என்னாது, ஒரே தெருவுல ஒரே நாள்லன்னு வந்து கேப்பாக. மூடியில அது பேருல்ல இருக்கு. செத்த பிள்ளைய ஸ்டேசனுக்கு இழுக்கவா?”

உள்ளறையில் முத்துக்கனி பாயில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். இருபது வயது. வல்லியிடம்தான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

“கண்ணுக்குப் பின்னால வலிக்குதா கனி?”

“ஆமாண்ணே. யாரோ உள்ளேருந்து அமுக்குற மாதிரி.”

வல்லியும் அதே வார்த்தைதான் சொன்னாள்.

“ஆனா திங்கக்கிழம போயிருவேன்,” என்றாள். “வேன் எட்டு மணிக்கு வரும். செவப்புப் போட்டுறாதீகண்ணே. போன மாசந்தான் என்னைய மிசினுக்கு மாத்தியிருக்காக.”

வெளியே வந்தேன். பேச்சியக்கா வாசல்வரை வந்தார்.

“என்ன அமுத்தப் போறீக தம்பி?”

“தெரியலக்கா.”

“எனக்கும் தெரியல,” என்றார். “இருக்கறது ஒத்தப் பிள்ள. வேலைய விடச் சொல்லவும் வாய் வரல. வேண்டாம்னு ஒங்களத் தடுக்கவும் வரல.”

மூடியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

மணி பதினொன்று நாற்பத்தைந்து. நான்கு பொத்தான்கள்.

க்யூலெக்ஸ் என்பது சரியான பதில். அதை அமுக்கினால் கனி பச்சை வரிசையில் நிற்பாள்.

போலி என்பதும் சரியான பதில். பதினொரு வீடும் சிவக்கும். விசாரணை வரும். ஆனால் வேறொன்றும் நடக்கும். வழக்கமாக இரண்டு வருஷம் முடிந்த படங்களின் ஓரங்களைக் கணினி வெட்டிவிடும். கொசு மட்டும் மிஞ்சும். வல்லியின் முதல் படத்துக்கு வரும் சனிக்கிழமையோடு இரண்டு வருஷம் முடிகிறது. பிறகு வாரத்துக்கு ஒன்றாக நாற்பத்து மூன்றும் போகும். போனில் அந்தச் செயலி படத்தை வைத்துக்கொள்ளாது. பிறர் வீட்டுப் படம் வெளியே போகாதபடி எங்களுக்கென்று செய்து தந்த திரை; இன்னொரு போனால் எடுத்தாலும் கறுப்பாகத்தான் விழும், முயன்று பார்த்தேன். போலி என்று பொத்தானை அமுக்கினால் எல்லாப் படங்களும் ஓரம் வெட்டாமல் சாட்சியாகப் பத்திரப்படுத்தப்படும். காலேஜ் மியூசியத்துக் கொசுபோல நாற்பது வருஷம் இருக்கும். எங்கோ ஓர் இடத்தில் அவள் நாற்பத்து மூன்று முறை குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐந்து நிமிஷம் அந்தப் பொத்தானின்மேல் அம்பு நின்றது.

முதல் படத்தை மறுபடி திறந்தேன். அந்தச் சிரிப்பு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. என்னை ஏமாற்றிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடமிருந்தே கற்றுக்கொண்டு, என்னையே தாண்டிப் போய்விட்டாள். அவளுக்கு அது விளையாட்டும் உதவியும் சேர்ந்த ஒன்று. பாதி ஊர் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் வாழ வேண்டும். பிடித்து வைத்தால் தண்டனை. அதற்கு அவள் கண்டுபிடித்த வழி ஒரு டப்பாவும் ஓர் அந்துருண்டையும்.

மூடினேன். ஐந்து கால் கொசுவுக்குத் திரும்பினேன். ஏடிஸ் என்று அமுக்கினேன்.

உறுதியா என்று கேட்டது. உறுதி.

ஐந்து வருஷத்தில் நான் தெரிந்தே சொன்ன முதல் தவறான பதில். அந்த வீட்டைப் பற்றி அந்த அட்டை இரண்டு வருஷத்தில் சொன்ன முதல் உண்மை. மில்லுக்குப் போகிறவளுக்குக் கொலுசு மாட்டிக் கல்யாண வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டு ஐந்துக்கு ஆட்டோ பிடித்தேன். பேச்சியக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கனி அழுதாள். ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்த உடனே ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் படுக்கை கிடைத்தது. டெங்குதான். தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தை நான் வேறொரு நாளில் கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கனி வீட்டுக்கு வந்தாள். மில்லில் பெயரை அடித்துவிட்டார்கள். டிரம்கள் போய்விட்டன. அந்த வாரம் முழுவதும் எனக்கு இட்லி வரவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பேச்சியக்கா வந்தார். ஒரு கையில் வல்லியின் போன். இன்னொரு கையில் மூடி. புளி போட்டுத் துலக்கியிருந்தார். அதன்மேல் ஒரு கண்ணாடி டம்ளர் கவிழ்ந்திருந்தது.

“பாத்திரத்த வெறுமனே திருப்பித் தரக் கூடாதுல்ல,” என்றார்.

டம்ளருக்குள் ஒரு கொசு பறந்து பறந்து உட்கார்ந்தது. கறுப்பு உடம்பு. காலில் வெள்ளை வளையங்கள்.

“எங்க பிடிச்சீக?”

“ஒங்க பின்வாசல்ல. வல்லி துணி தொவைக்கிற தொட்டி இருக்குல்ல, அங்கன. ஒரு வாரமா எங்க வீட்டுல தண்ணியே இல்ல, அப்புறமும் பகல்ல கடிக்கிதே, எங்கேருந்து வருதுன்னு செவரத் தாண்டிப் பாத்தேன். தொட்டி முழுக்கப் புழு.” மூடியை என் கையில் கொடுத்தார். “குத்தம் சொல்ல வரல தம்பி.”

பதினான்கு மாதமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவள் கடைசியாகத் துவைத்துவிட்டு மிச்சம் வைத்த தண்ணீரை இறைக்க மனம் வரவில்லை. மழை அதை நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

“மருமக?”

“கஞ்சியக் கழுவுனேன், போயிட்டா. சுப்புத்தாய் என்னோட பேசல. அவ மகளுக்குத் தை பொறந்து மூணு பேரு கேட்டு வந்திருக்காக. இப்பல்லாம் சாதகத்துக்கு முன்ன அட்டையத்தான கேக்காக. வேற ஒருத்தியத் தேடிக்கிட்டு இருக்கா. நாலு வீட்டுல மட்டும் சரி, இருக்கறத அனுப்புவோம்னுட்டாக.” போனை மேசையில் வைத்தார். “ஒங்க வீட்டுக்கு நீங்களே எடுத்துக்கிடுங்க.”

கிளம்பும்போது சொன்னார்: “நாளைக்கு இட்லி கொண்டாறேன். இது வேற இட்லி.”

மூடியை டம்ளரோடு ஃப்ரீசரில் வைத்தேன். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் பின்வாசல் கதவைத் திறந்து, தொட்டியின் அடைப்பை உருவினேன். தண்ணீர் போக நேரமாயிற்று. அடியில் அவளுடைய சேலைப் பின் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது.

டம்ளரை எடுத்தேன். கொசு மூடியின் நடுவில் கால்களை மடக்கிக் கிடந்தது. ஆறு கால்கள். முதுகில் யாழ். வல்லியின் போனைப் பிடித்துக் குனிந்தேன். எடுத்தேன். அனுப்பினேன். கணினிக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு என் வீட்டு அட்டை சிவந்தது.

அதே மணிக்கு அவளுடைய முதல் படத்தின் ஓரங்களை வெட்டினார்கள். திறந்து பார்த்தேன். ஒரு பழுப்புக் கொசு, கொஞ்சம் வெள்ளை உலோகம். இன்னும் நாற்பத்திரண்டு இருக்கின்றன.

பிறகு நான் அனுப்பியதைத் திறந்தேன். இந்த வேலை செய்கிறவன் தன் வீட்டுப் படத்தைத் தேடிப் பார்க்கக் கூடாது. பார்த்தேன். மூடியின் ஓரத்தில் புள்ளி எழுத்தில் அவள் பெயர். பெயர் முடிகிற சின்ன இலைக்குப் பக்கத்தில், மூக்கு பெருத்து, நெற்றி வளைந்து, என் முகம்.

இரண்டு வருஷம் அப்படியே இருக்கும்.

மூடியைக் கழுவித் துடைத்துத் தூக்குவாளியில் வைத்தேன். கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. பிறகு உட்கார்ந்துகொண்டது.